கையெழுத்து வாங்குவது உங்கள் வேலை இல்லை

கேள்வி: முக்கூடல் பக்கம் மகளிர் குழு ஊக்குநராக இருக்கிறேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறோம். மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நோய் இல்லாத பெண்கள் 40 பேர் வேண்டும், சில கேள்விகள் கேட்டு ரத்தம் எடுப்போம் என்று ஓர் ஆய்வுக் குழு வந்தது. நான்கு பேர்தான் சம்மதித்தார்கள். "ஏளா, நல்லா இருக்கவளுக்கு என்னத்துக்கு டெஸ்ட்டு?" என்று மற்றவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். ஒருத்தி மட்டும் தனியாக வந்து, "மார்ல ஒரு கட்டி தட்டுப்படுது, வலி இல்ல. இதுல சேந்தா பாப்பாவளா?" என்றாள். எப்படி ஆள் சேர்ப்பது அக்கா?

பதில்: தங்கச்சி, கடைசியில் எழுதியதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்தப் பெண்ணை ஆய்வுக்கு அனுப்பாதீர்கள். இந்த வாரமே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மார்பகப் புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலி இல்லையே என்றுதான் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். எல்லாக் கட்டியும் புற்று இல்லை, ஆனால் பார்த்தால்தானே தெரியும்? ஆதாரும் காப்பீட்டு அட்டையும் கையில் இருக்கட்டும். "இலையை நனைச்சுப் போட்டுட்டேன், ரெண்டு நாள் கழியட்டும்" என்பாள். விடாதீர்கள்.

ஆய்வில் சேர்ந்தால் வைத்தியம் கிடைக்கும் என்று அவள் நினைத்திருக்கிறாள். மற்றவர்களும் அப்படி நினைக்கக்கூடும். ஆய்வுக் குழு எடுக்கும் ரத்தம் யாருடைய நோயையும் கண்டுபிடிப்பதற்கு இல்லை என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

நல்லா இருக்கிறவள் எதற்கு என்கிறார்களா? ஒரே தெரு, ஒரே வயசு, மடியில் சுளகு வைத்துச் சுற்றும் ஒரே பீடி வேலை. ஒருத்திக்கு வருகிறது, இன்னொருத்திக்கு வரவில்லை. இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் காரணம் எப்படித் தெரியும்? மும்பையில் டாடா மருத்துவமனை 1998இல் ஓர் ஆய்வு தொடங்கியது. குடிசைப் பகுதிகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள். பாதிப் பேருக்குப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் மார்பைப் பரிசோதித்தார்கள். மறு பாதிக்கு அந்தப் பரிசோதனை இல்லை; ஒருமுறை புற்றுநோய் பற்றி எடுத்துச் சொல்லிவிட்டு, வீடு தேடிப் போய் விசாரித்து வந்தார்கள். 2021இல் முடிவு வெளியானது: 50 வயது தாண்டியவர்களில், பரிசோதனை செய்யப்பட்ட பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. பரிசோதனை இல்லாமல் விசாரிப்புக்குப் பதில் சொன்ன அந்த மறு பாதி இல்லாவிட்டால் இது தெரிந்திருக்காது.

இனி உங்களைப் பற்றி. கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கேட்டால் அவர்களால் மறுக்க முடியாது. குழுவில் நீங்கள் நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டுப் பழகியவர்கள். வேண்டாம் என்றால் அடுத்த லோனில் பேர் விட்டுப்போகுமோ என்ற பயம் உள்ளுக்குள் இருக்கும். அதனால் ஊரைக் கூட்டிக் கொடுங்கள், விஷயத்தைச் சொல்லுங்கள், அதோடு விலகிக்கொள்ளுங்கள். சம்மதத்தை ஆய்வுக் குழுவின் பெண் ஒருவர், தனித்தனியாக, தமிழில் வாசித்துக் காட்டி வாங்கட்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வுக்குச் சம்பந்தம் இல்லாத, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். வீட்டில் யோசித்துவிட்டு நாளைக்கு வந்து சொல்லலாம், பாதியில் விலகினாலும் ஆஸ்பத்திரி வைத்தியத்துக்குக் குறை வராது என்பதையும் வாய்விட்டுச் சொல்லட்டும்.

ஆய்வு முறையாக நடக்குமா என்று பார்த்து அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கூலியையும் பேசுங்கள். அரை நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைக்கு எத்தனை கட்டு குறையும் என்று உங்களுக்குத் தெரியாததா? பஸ் காசும் போன கூலியும் கொடுப்பதில் தப்பில்லை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) வழிகாட்டுதலே அனுமதிக்கிறது. ஆள் மயங்கும் அளவுக்குத் தொகை மட்டும் கூடாது. பீடிக் கடையில் கணக்குக் கொடுக்கும் நாளில் கூப்பிடவே வேண்டாம்.

அந்த நான்கு பேர் போய்வந்து திண்ணையில் பேசட்டும். அதற்குப் பிறகும் 40 சேராவிட்டால், சேர்ந்தது இவ்வளவுதான் என்று சொல்லிவிடுங்கள். கட்டி இருக்கிற பெண்ணுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.