சாதனைப் பட்டியலில் வந்தது எது, வரவேண்டியது எது

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள், பணியாளர்களின் சமீபத்திய சாதனைகள் என்று அவ்வப்போது ஒரு பட்டியல் ஒட்டுகிறார்கள். காப்புரிமை, 2 சதவீத விஞ்ஞானி என்றெல்லாம் இருக்கிறது. இதில் எது உண்மையிலேயே பெரியது?

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் 19 வருடம் இருந்தேன். ஆண்டறிக்கைக்காக ஒவ்வொரு துறையிலும் இந்த விவரங்களைக் கேட்டு வாங்கித் தொகுப்பது என் வேலை. அதை வைத்துச் சொல்கிறேன்.

என் அப்பா தேவகோட்டையில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளை. ஐந்தொகை எழுத எனக்குக் கற்றுக்கொடுத்தபோது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: வந்ததையும் வரவேண்டியதையும் சேர்த்துக் கூட்டாதே. சாதனைப் பட்டியலையும் நான் அப்படித்தான் படிப்பேன்.

காப்புரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். குழப்பம் அதிகம் வருவது இதில்தான். பட்டியலில் காப்புரிமை என்று இருந்தால், அது வெளியிடப்பட்டதா, வழங்கப்பட்டதா என்று பாருங்கள். நம் நாட்டில் விண்ணப்பித்து 18 மாதம் ஆனால் அநேகமாக எல்லா விண்ணப்பமும் காப்புரிமை அலுவலக இதழில் வெளியாகிவிடும். படிவம் 9 கொடுத்துக் கட்டணமும் கட்டினால் இன்னும் சீக்கிரமே வரும். அந்தக் கட்டத்தில் யாரும் அந்தக் கண்டுபிடிப்பைச் சோதித்திருக்க மாட்டார்கள். பரிசோதனைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதிகாரி இது புதிதா, தொழிலுக்குப் பயன்படுமா, துறை தெரிந்த எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியதா என்று கேள்வி எழுப்புவார். பதில் சொல்லித் தேறினால்தான் காப்புரிமை கையில் வரும். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் அது செல்லும். வெளியானது வரவேண்டிய கணக்கு, வழங்கப்பட்டதுதான் வந்த கணக்கு. வடிவமைப்புப் பதிவு இன்னொரு வகை. அது பொருளின் தோற்றத்துக்கு மட்டும் கிடைக்கும் உரிமை. 10 ஆண்டுகள், பிறகு 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். அதையும் காப்புரிமை என்றே எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. 2021ல் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தை 80 சதவீதம் குறைத்தார்கள். நல்ல முடிவு. சின்ன ஊர்க் கல்லூரிகளும் துணிந்து விண்ணப்பிக்கலாம்.

2 சதவீதப் பட்டியல் விஷயம் வேறு. அது விருது இல்லை, யாரும் விண்ணப்பிப்பதும் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் குழுவினர் ஸ்கோபஸ் என்னும் ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தை வைத்து, ஒருவரின் கட்டுரைகளைப் பிறர் எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கணக்கிட்டு, முன்னணியில் இருப்பவர்களின் பெயர்களை வெளியிடுவது. வாழ்நாள் முழுமைக்கும் ஒரு பட்டியல், ஒரே ஆண்டுக்கு இன்னொன்று. வாழ்நாள் பட்டியலில் இடம்பிடிப்பது ரொம்பக் கடினம், அப்படி ஒருவர் உங்கள் துறையில் இருந்தால் தயங்காமல் போய் வணக்கம் சொல்லுங்கள். தவறோ முறைகேடோ தெரிந்து திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் எத்தனை என்பதையும் 2024லிருந்து சேர்க்கிறார்கள். அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

சரி, இப்போது நான் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் 'பணியாளர்கள்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. பட்டியலில் அவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

காரைக்குடியில் செக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் தொடங்க வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948 ஜூலை 25ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார் என்பதை எங்கள் ஊரில் வயதானவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கொடுத்தவர் பெயரை மறக்காத ஊர் இது. ஆனால் எங்கள் அறிக்கையில் பணியாளர் பகுதி வருடா வருடம் காலியாகவே போகும். வேதியியல் துறையில் ஓர் அண்ணன் இருந்தார், ஆய்வக உதவியாளர். கண்ணாடிக் குழாய் விரிசல் விட்டால் வாயு விளக்கில் சூடாக்கி அவரே ஒட்டிவிடுவார். வெற்றிடக் குழாய் அமைப்பில் எங்கே கசிகிறது என்று காதை வைத்தே கண்டுபிடிப்பார். அவர் அன்று விடுப்பு என்றால் ஆய்வு மாணவர்களுக்கு வேலை நடக்காது. ஒரு வருடம் அவரைப் பற்றி நாலு வரி எழுதிச் சேர்த்தேன். சான்றிதழ் இல்லாததைச் சாதனையாகப் போட முடியாது என்று மேலிடத்தில் அந்த வரிகளை அடித்து நீக்கிவிட்டார்கள். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அப்புறம் ஒரு வழி தோன்றியது. நூலகத்துக்குப் போய் அந்தத் துறையின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை எடுத்து, நன்றியுரைப் பக்கத்தை மட்டும் புரட்டினேன். 11 ஆய்வேடுகளில் அவர் பெயர் இருந்தது. சிலர் ஒரு வரிதான் எழுதியிருந்தார்கள். ஒரு பெண் அரைப் பக்கம் எழுதியிருந்தார். எல்லாவற்றையும் நகலெடுத்து அடுத்த அறிக்கையோடு இணைத்தேன், இந்த முறை யாரும் அடிக்கவில்லை. ஒரு பிரதியை அண்ணனிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெயர் வரும் வரியை ஒவ்வொரு பக்கமாக விரல் வைத்து வாசித்தார்.

உங்கள் பல்கலைக்கழக நூலகத்திலும் அந்தப் பக்கங்கள் இருக்கும். ஒரு மதியம் உட்கார்ந்தால் பார்த்துவிடலாம்.