அந்த லேப் கோட்டை இனி நீயே துவை

கேள்வி: நான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். கரிம வேதியியல் லேப் தொடங்கி ஏழு வாரம் ஆகிறது. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குகிறேன், ஆனால் லேபுக்குள் போனால் கை ஓடுவதில்லை. மூன்றாவது வாரம், ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களைப் பிரிக்கும் பிரிபுனலில் இருந்து தவறான அடுக்கைத் தொட்டியில் கொட்டிவிட்டேன். ஆசிரியர் எல்லோர் முன்னாலும் திட்டினார். ஆஸ்பிரின் செய்த அன்று பக்கத்து மேசை நண்பனுக்கு இரண்டு கிராம் வந்தது, எனக்கு 0.8 கிராம்தான். போன வாரம் ஆல்டிஹைடு, கீட்டோன் சோதனைகள், அதிலும் குழப்பம். வியாழக்கிழமை என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. அம்மாவுக்கோ நான் வெள்ளைக் கோட் போடுவதில் அவ்வளவு பெருமை. வியாழன் இரவே கோட்டை வாங்கி, அக்காவின் எட்டு மாதக் குழந்தையின் துணிகளோடு மெஷினில் போட்டுவிடுவார். போன வாரம் கோட்டின் கையில் இருந்த ஆரஞ்சுக் கறையைக்கூட உட்கார்ந்து பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தார். இந்தப் பாடத்தை விட்டுவிட நினைக்கிறேன். அவரிடம் எப்படிச் சொல்வது?

பதில்:

தம்பி, ஈல்டை, அதாவது கடைசியில் எத்தனை கிராம் கையில் வந்தது என்பதைப் பற்றி அப்புறம் பேசலாம். திட்டு வாங்கியதையும் அப்புறம் பேசலாம். முதலில் அந்தக் கோட்.

உன் கடிதத்தில் உள்ள மற்றதெல்லாம் எனக்குப் பழகிய விஷயம். கை நடுங்குகிறது, படிகம் வரவில்லை, பக்கத்து மேசைக்காரன் முடித்துவிட்டான், விட்டுவிடலாமா? ஒவ்வொரு வருடமும் யாராவது எழுதுகிறார்கள். ஆனால் போகிற போக்கில் நீ எழுதிய ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். லேபில் நாள் முழுக்கப் போட்டிருந்த கோட் எட்டு மாதக் குழந்தையின் சட்டையோடு ஒரே தண்ணீரில் சுழல்கிறது. அந்தக் கோட்டின் கறையை உன் அம்மா கையுறைகூட இல்லாமல் தேய்க்கிறார். உனக்கு அது உறுத்தவே இல்லை. அம்மாவின் பெருமையைச் சொல்லும் இடத்தில் அதை எழுதியிருக்கிறாய்.

அந்த ஆரஞ்சுக் கறை என்னவென்று உனக்குத் தெரியுமா? தெரிந்திருக்க வேண்டும். ஆல்டிஹைடு, கீட்டோன் சோதனை செய்த அன்று மஞ்சளும் ஆரஞ்சுமாக இறங்குவது, அவற்றைக் கண்டுபிடிக்க ஊற்றும் 2,4-டிஎன்பி என்ற கரைசல் தரும் வீழ்படிவு. அந்தக் கரைசலிலேயே கந்தக அமிலமும் இருக்கிறது. தோலில் பட்டால் மஞ்சளாகப் பிடித்துக்கொள்ளும், சிலருக்கு ஒவ்வாமையும் வரும். பாட்டிலின் மேல் எச்சரிக்கைக் குறி இருக்கிறது. நீ அதைப் பார்த்துவிட்டுத்தான் கையுறை போட்டாய். உன் அம்மா எந்தக் குறியைப் பார்த்தார்? அவர் பார்த்ததெல்லாம் பிள்ளை சட்டையில் ஒரு கறை. எந்தத் தாயும் அதைத் தேய்க்கத்தான் செய்வாள்.

லேப் கோட் எதற்கு இருக்கிறது? உன் உடம்பில் தெறிக்க வேண்டியது அதன் மேல் தெறிக்கட்டும் என்றுதான். ஈதர், டைகுளோரோமீத்தேன் மாதிரிக் கரைப்பான்கள் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் ஆவியாகியிருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். மற்றவை அப்படிப் போகாது. நீர்த்த கந்தக அமிலம் ஒரு சொட்டு துணியில் பட்டால் தண்ணீர் மட்டும் காயும், அமிலம் அங்கேயே தங்கி அடர்த்தியாகும். அப்புறம் ஒருநாள் துவைத்து உதறும்போது அந்த இடம் பொத்தல் பொத்தலாக உதிரும். தூளாகச் சிந்தியது தையலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உலோக உப்புகளும் அப்படியே.

நான் இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாணவியாக இருந்தபோது, ஆல்டிஹைடைக் கண்டுபிடிக்க வெள்ளி உப்பை வைத்துச் செய்யும் டாலன்ஸ் சோதனை நாள் ஒன்றில், சில்வர் நைட்ரேட் கரைசல் என் கோட்டின் மணிக்கட்டுப் பக்கம் சிந்தியது. நிறமே இல்லாத கரைசல், ஈரம் மட்டும்தான் தெரிந்தது. கோட்டைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பைக்குள் வெளிச்சம் படவில்லை, ஈரமும் காயவில்லை. அம்மா அதைக் கையால் அலசினாள். அன்று சாயங்காலத்துக்குள் அவளுடைய வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பழுப்பேறி, மறுநாள் கறுப்பாகிவிட்டன. தோலில் பட்ட வெள்ளி உப்பு வெளிச்சத்தில் கறுக்கும். சோப்புப் போட்டாலும் போகாது, அந்தத் தோல் உரிந்து புதுத்தோல் வர வேண்டும். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. சோப்பை மாற்றிப் பார்த்தாள். பாத்திரம் தேய்க்கும் நாரால் விரலைத் தேய்த்துப் பார்த்தாள். வெளியே போகும்போது விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டாள். நான் பார்த்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நாலு நாள் சொல்லாமல் இருந்தேன். அந்த நாலு நாளை இன்றுவரை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

சாக்கரின் என்ற செயற்கை இனிப்பைக் கண்டுபிடித்த கதை உன் பாடப்புத்தகத்தில் இருக்கும். 1879-ல் கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க் நாள் முழுக்க லேபில் தார்ச்சேர்மங்களோடு வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்து ரொட்டியை எடுத்துக் கடித்தார். அது தித்தித்தது. கையோடு வந்த பொருளின் இனிப்பு அது. எல்லோரும் அதைக் கண்டுபிடிப்பின் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது கை கழுவாமல் வீடு வந்தவரின் கதை. அன்று அவர் விரலில் ஒட்டியிருந்தது வேறெதுவாகவும் இருந்திருக்கலாம். வந்தது அவருடைய வாய்க்கு. நீ கொண்டுவருவது இன்னொருவரின் கைக்கும், எதைக் கண்டாலும் வாயில் வைக்கிற வயதில் இருக்கும் ஒரு குழந்தைக்கும்.

'குழந்தைக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லையே' என்று கேட்பாய். பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. மெஷினில் நிறையத் தண்ணீர் ஓடுகிறது, பட்ட அளவும் சின்னது. ஆனால் அதை நீ யோசித்து, கணக்குப் போட்டுத் துணிந்தாயா? யோசிக்கவே இல்லை. உன்மேல் எனக்குக் கோபம் அதற்குத்தான். வீட்டில் இந்த விஷயம் தெரிந்தவன் நீ ஒருவன்தான். தெரிந்தவன் வாயைத் திறக்காமல் இருந்தால் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? படிக்க வைத்த வீட்டுக்குப் படித்தவன் செய்ய வேண்டிய முதல் காரியம், படித்ததில் அவர்களைத் தொடுகிற பகுதியை அவர்களிடம் சொல்வது. அம்மா ஆசையாகச் செய்கிறார் என்பதற்காக அதை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதை நான் அன்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, ஈல்டுக்கு வருவோம். இதுவும் வேறு விஷயம் என்று நினைத்துவிடாதே.

பிரிபுனலில் தவறான அடுக்கைக் கொட்டினாய். ஆஸ்பிரினில் முக்கால்வாசி காணாமல் போனது. கோட்டைக் கழற்றி அம்மா கையில் கொடுத்ததோடு மறந்தாய். மூன்றிலும் நான் பார்ப்பது ஒரே பழக்கம்: கையை விட்டுப் போனதும் அது எங்கே போகிறது என்று நீ பார்ப்பதில்லை. கரிம லேப் முழுக்க அந்த ஒரு கேள்விதான். பொருள் இப்போது எதில் இருக்கிறது?

கணக்கைப் பார். 2 கிராம் சாலிசிலிக் அமிலத்தில் தொடங்கினாய் என்று வைத்துக்கொள்வோம். மூலக்கூறு எடை 138, ஆஸ்பிரினுக்கு 180. முழுதாக மாறினால் 2.6 கிராம் வர வேண்டும். உனக்கு வந்தது 0.8, அதாவது சுமார் 31 சதவீதம். மீதி 1.8 கிராம் எங்கே? வினையே சரியாக நடக்காமல் கொஞ்சம் சாலிசிலிக் அமிலமாகவே நின்றிருக்கலாம். குடுவைச் சுவரில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். ஆஸ்பிரின் அறை வெப்பத்தில் 100 மில்லி தண்ணீரில் ஏறக்குறைய 0.3 கிராம் கரையும். வடிகட்டும்போது குளிராத தண்ணீரை 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று ஊற்றிக் கழுவினால் படிகம் உன் கண்ணெதிரிலேயே வடிகுடுவைக்குள் இறங்கிப் போகும். படிகத்தைக் கரைத்து மறுபடி படிய வைத்துச் சுத்தமாக்கும் மறுபடிகமாக்கலுக்கு எத்தனாலைத் தாராளமாக விட்டிருந்தால் இன்னும் மோசம், அதில் ஆஸ்பிரின் பல மடங்கு நன்றாகக் கரையும். சூடான கரைப்பான் கரையும் அளவுக்கு மட்டும், சொட்டுச் சொட்டாக. அப்புறம் தானாக ஆறவிடு. அதற்குப் பிறகுதான் பனிக்கட்டித் தண்ணீர். கழுவுவது பனிக்குளிர்ச்சியாக, ஒரு சில மில்லி. வடிந்த நீரைக் கொட்டாதே. அதையும் குளிர வைத்துப் பார், இன்னும் கொஞ்சம் படிகம் இரண்டாவது அறுவடையாகக் கிடைக்கலாம்.

நண்பனின் இரண்டு கிராமைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது. அது காய்ந்த இரண்டு கிராமா? ஈரத்தோடு நிறுத்தால் யாருக்கும் எடை கூடத்தான் செய்யும். உருகுநிலை பார்த்தானா? சுத்தமான ஆஸ்பிரின் 135 டிகிரிக்குப் பக்கத்தில், ஒன்றிரண்டு டிகிரிக்குள் உருகும். கலப்படம் இருந்தால் முன்னாலேயே இளகத் தொடங்கி நீண்டுகொண்டே போகும். ஒரு துணுக்குப் படிகத்தில் ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் போதும், ஊதா வந்தால் சாலிசிலிக் அமிலம் இன்னும் உள்ளே இருக்கிறது. உன் 0.8 கிராம் ஊதா காட்டாமல் இருந்தால் அதைத் தலைநிமிர்ந்து நோட்டில் எழுது. உன் கடிதத்தில் எடை மட்டும் இருக்கிறது, உருகுநிலை இல்லை. அளக்கவே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அளக்காமலே நீ தோற்றுவிட்டதாகத் தீர்ப்பு எழுதிக்கொண்டாய்.

பிரிபுனலுக்கு ஒரே விதி. வேலை முடிந்து, பொருள் கையில் வந்து, எடை போடும் வரை எந்த அடுக்கையும் கொட்டாதே. இரண்டையும் தனித்தனிக் குடுவையில் பிடித்து மேலே பெயர் எழுதி வை. எது தண்ணீர் அடுக்கு என்று சந்தேகமா? ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு எந்த அடுக்கில் போய்ச் சேருகிறது என்று பார். ஈதர் மேலே நிற்கும், டைகுளோரோமீத்தேன் கீழே போகும். இதை மனப்பாடம் செய்தவர்களும் அவசரத்தில் மாற்றிக் கொட்டியிருக்கிறார்கள். கொட்டாமல் வைத்தவர்கள் மட்டும் தப்பித்தார்கள். தொட்டியில் கொட்டினாய் என்று வேறு எழுதியிருக்கிறாய். கரைப்பானைத் தொட்டியில் கொட்டக் கூடாது, அதற்குக் கழிவுப் பாட்டில் வைத்திருப்பார்கள். தொட்டியின் குழாய்க்கு அந்தப் பக்கமும் யாரோ ஒருவர் வேலை செய்கிறார்.

ஆசிரியர் எல்லோர் முன்னாலும் திட்டியது சரியில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அதற்கு மேல் அதைச் சுமந்துகொண்டு திரியாதே.

பாடத்தை விடலாமா என்றால், இப்போது விடாதே. இன்னும் நாலு வாரம் போ. முந்தின நாள் இரவே செய்முறையைப் படித்து, ஒவ்வொரு படியிலும் பொருள் எந்தக் குடுவையில் இருக்கும் என்று படம் போட்டுக்கொண்டு போ. லேபில் பார்த்ததை அங்கேயே, பேனாவால், நோட்டில் எழுது. தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடி, கிழிக்காதே. நாலு வாரம் இப்படிச் செய்த பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் விடு. அப்போது அம்மாவிடம் சொல்ல உன்னிடம் உண்மையான காரணம் இருக்கும். உன் வெள்ளைக் கோட்டுக்கு ஆசைப்பட்டவர், உன் முகம் வாடுவதையும் கவனித்திருப்பார்.

ஆனால் கோட்டைப் பற்றி இன்றைக்கே பேசு. அந்த ஆரஞ்சுக் கறை என்ன என்பதைச் சொல், கோட்டைப் பற்றி ஏழு வாரமாக வாயைத் திறக்காததற்கு மன்னிப்புக் கேள். தேய்த்த கையில் மஞ்சளோ அரிப்போ இருக்கிறதா என்று பார், இருந்தால் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போய் என்ன பொருள் பட்டது என்று நீயே வாயைத் திறந்து சொல். அந்த பிரஷ்ஷைத் தூக்கிப் போடு. உங்கள் லேபில் கோட்டைத் துவைக்க ஏற்பாடு இருக்கிறதா, அங்கேயே மாட்டி வைத்துவிட்டு வர முடியுமா என்று வியாழக்கிழமை கேள். இல்லையென்றால் மூடிய பையில் கொண்டுவா. கறை பட்டது தெரிந்தால் வீட்டுக்கே கொண்டுவராதே, ஆசிரியரிடம் காட்டு. மற்ற நாளில் தனியாக, நீயே துவை. முடிந்ததும் மெஷினை ஒருமுறை வெறும் தண்ணீரில் ஓட விடு. கையுறையோடு செல்போனைத் தொடும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்து, அந்தப் போனைத்தான் குழந்தை பிடுங்கிப் பார்க்கிறது.

குழந்தையின் துணிகளை எல்லாம் எடுத்து இன்று ராத்திரி ஒருமுறை தனியாக அலசிப் போடு. நீ போடு, அக்காவைப் போடச் சொல்லாதே.