ஊருக்கு உதவும் தொழில்: ஆடிட்டரிடம் கேட்டவை

டிரஸ்டுகளுக்கும் சிறு கம்பெனிகளுக்கும் கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு. சமூக நோக்கத்தோடு தொழில் நடத்துவது பற்றிக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஓசூரில் டூல் ரூம் (மெஷின் கருவிகள் செய்யும் பட்டறை) நடத்துபவர்: சார், வருஷா வருஷம் பக்கத்து அரசுப் பள்ளிக்கு நோட்டு, பை எல்லாம் கொடுக்கிறோம். எங்களுடையது சமூக நோக்கமுள்ள கம்பெனின்னு சொல்லிக்கலாமா?

நோட்டைத் தொடர்ந்து கொடுங்கள், நிறுத்த வேண்டாம். ஆனால் ஆர்டர் படுத்துவிட்ட வருஷத்தில் முதலில் எந்தச் செலவை வெட்டுவீர்கள்? நோட்டும் பையும்தான் முதலில் போகும். அப்படியென்றால் அது தர்மக் கணக்கு. இதே நீங்கள் சுற்றுவட்டாரத்தில் ஐ.டி.ஐ. முடித்த பெண்களை எடுத்து, கம்ப்யூட்டரில் இயங்கும் சி.என்.சி. மெஷினைப் பழக்கி, அவர்களை நம்பியே ஷிப்ட் போட்டிருந்தால் அதை வெட்ட உங்களால் முடியாது. வெட்டினால் மெஷின் நின்றுவிடும். நோக்கம் தொழிலுக்குள் இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா என்று நான் பார்ப்பது இப்படித்தான்.

மதுரையிலிருந்து ஒரு மாணவி: அரவிந்த் கண் மருத்துவமனையை எல்லாரும் உதாரணம் சொல்றாங்க. பாதிப் பேருக்கு மேல இலவசமாவோ குறைஞ்ச செலவிலோ பார்த்துட்டு எப்படி ஓடுது? நன்கொடையா?

அன்றாடச் செலவுக்கு நன்கொடையை நம்பி ஓடும் இடம் இல்லை அது. காசு கொடுக்கும் நோயாளிகளின் கட்டணத்தில்தான் ஓடுகிறது. டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 58 வயதில், 1976-இல் 11 படுக்கையோடு ஒரு வீட்டில் தொடங்கினார். முடக்குவாதத்தால் வளைந்துபோன விரல்களோடு அறுவை செய்தவர். இதெல்லாம் பலருக்குத் தெரியும். கணக்குப் பார்ப்பவனுக்குச் சுவாரசியமான இடம் ஆபரேஷன் தியேட்டர்தான்.

ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயாராகப் படுத்திருப்பார். முடிந்ததும் டாக்டர் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வேலையைத் தொடர்வார். கண் பரிசோதனை, சொட்டு மருந்து, கண்ணைத் தயார் செய்வது எல்லாம் கிராமங்களிலிருந்து வந்து அங்கேயே இரண்டு வருஷம் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பு. டாக்டர் சம்பளம், கருவி, கட்டடம் இவையெல்லாம் பத்துப் பேருக்குப் பார்த்தாலும் நூறு பேருக்குப் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே செலவு. கூட்டம் கூடக் கூட ஒரு கண்ணுக்கு ஆகும் செலவு இறங்கிக்கொண்டே வரும். இலவச நோயாளி வந்தால்தான் அந்தக் கூட்டம். அவரைக் கழித்துவிட்டால் காசு கொடுப்பவருக்கும் கட்டணம் ஏறும்.

அடுத்து லென்ஸ். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை நூறு டாலர் அளவில் இறக்குமதி செய்துகொண்டிருந்த காலத்தில், வசதியில்லாதவர்களுக்கு லென்ஸ் வைக்காமலே அறுவை செய்து சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கி லென்ஸை இவர்களே தயாரித்தார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு வந்து, பிறகு இன்னும் குறைந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

இதையும் கவனியுங்கள்: ஊர் ஊராகக் கேம்ப் போட்டு, ஆபரேஷன் இலவசம் என்று சொல்லியும் ஆரம்பத்தில் மிகக் குறைவானவர்களே வந்தார்கள். பஸ் காசு, சாப்பாடு, கூட ஒரு ஆள், அவர் இழக்கும் நாள் கூலி என்று இலவசத்துக்கே அத்தனை செலவு. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கேம்பிலிருந்தே பஸ்ஸில் அழைத்துப் போய், தங்கவைத்து, சோறு போட்டு, திரும்பக் கொண்டுவிடுவதையும் சிகிச்சையின் பகுதியாக்கினார்கள். நல்ல எண்ணத்தில் தொடங்கும் பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

திருப்பூர், பனியன் யூனிட்: ஆஸ்பத்திரிக்குச் சரி. நாங்க டீ-ஷர்ட் தைக்கிறவங்க, இதுல நோக்கத்தை எங்கங்கய்யா வைக்கிறது?

உங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன். சாயத் தண்ணீர் நொய்யலில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே விவசாயம் கெட்டது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போய், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஊர் முழுக்கக் கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு வந்தது. இன்று அதே முறையைப் பெருமையாகச் சொல்லித்தான் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் ஆர்டர் கேட்கிறீர்கள். கோர்ட் சொல்வதற்கு முன்பே ஆற்றுத் தண்ணீரையும் அடக்கவிலையில் சேர்த்திருந்தால் அத்தனை பேர் வேலையிழந்து உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஆள் விஷயமும் அப்படியே. சுற்றியுள்ள நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மூன்று வருஷத்துக்கு எடுத்து, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்றார்கள். நடுவில் போனால் தொகை கிடைக்காது. அந்தப் பணமே அவர்கள் கூலியில் பிடித்துவைத்ததுதான். விளம்பர நோட்டீஸில் அது சமூக சேவையாக இருந்தது!

ஆகவே உங்கள் யூனிட்டில் முதலில் பார்க்க வேண்டியது பீஸ் ரேட் (ஒரு துணிக்கு இவ்வளவு என்ற கூலி), ஓவர்டைம், பி.எஃப். மரம் நடுவது பிறகு.

சென்னை, ஐ.டி. ஊழியர்: அதான் பெரிய கம்பெனிங்க சட்டப்படி லாபத்துல 2 சதவீதம் சமூகத்துக்குச் செலவு பண்றாங்களே, அது போதாதா?

2013 கம்பெனிச் சட்டம், 135-ஆவது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றைத் தொட்டாலும் முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சி.எஸ்.ஆர். என்ற சமூகப் பொறுப்புச் செலவுக்குப் போக வேண்டும். பணம் நல்ல இடங்களுக்கும் போகிறது, மறுக்கவில்லை. ஆனால் விதியைப் படித்துப் பாருங்கள்: கம்பெனியின் வழக்கமான தொழிலில் செய்வது சி.எஸ்.ஆர். கணக்கில் வராது, சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுவதும் வராது. சட்டமே அதைத் தொழிலுக்கு வெளியே வைத்துவிட்டது. மீதி 98 சதவீதத்தை எப்படிச் சம்பாதித்தார்கள் என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை.

சேலத்திலிருந்து: டிரஸ்ட், செக்‌ஷன் 8, பிரைவேட் லிமிடெட். எதைப் பதிவு பண்றது?

லாபம் யாருக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்யுங்கள், பதில் தானாக வரும். யாருக்கும் போகக் கூடாது, வேலைக்கே திரும்ப வேண்டும் என்றால் லாப நோக்கமில்லாத கம்பெனியான செக்‌ஷன் 8, டிவிடெண்ட் கிடையாது. விவசாயிகளுக்கோ நெசவாளர்களுக்கோ போக வேண்டும் என்றால் உற்பத்தியாளர் கம்பெனி. பத்துப் பேர் இருந்தால் தொடங்கலாம், தனிநபர்களே உறுப்பினர் என்றால் பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. பிரைவேட் லிமிடெட்டிலும் நோக்கத்தை எழுதிவைக்கலாம். ஆனால் முக்கால்வாசி ஓட்டு சேர்ந்தால் எழுதியதை மாற்றிவிடலாம்.

பெங்களூரு, ஸ்டார்ட்அப்: முதலீட்டாளர் உள்ளே வந்தா நோக்கம் வெளியே போயிடும்னு பயமுறுத்துறாங்களே சார்?

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பிரான்சின் பால் உணவுக் கம்பெனி டானோன் 2020-இல் பங்குதாரர்களின் ஒப்புதலோடு சமூக நோக்கத்தைத் தன் கம்பெனி விதிகளிலேயே எழுதிக்கொண்டது. அடுத்த மார்ச்சில், பங்கு விலை பின்தங்கியது என்று முதலீட்டாளர்கள் நெருக்க, அதை முன்னெடுத்த தலைவர் இம்மானுவேல் ஃபேபர் வெளியேற்றப்பட்டார். நம் நாட்டிலும் 2010-இல் நுண்கடன் கம்பெனி ஒன்று பங்குச் சந்தைக்கு வந்த சில வாரங்களிலேயே, கடன் வசூல் கெடுபிடி பற்றிய புகார்களால் ஆந்திர அரசு அந்தத் துறைக்கே அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஏழைகளுக்குக் கடன் என்று தொடங்கிய தொழில்தான் அதுவும்.

பாதுகாப்பு, பங்கு யார் கையில் என்பதில் இருக்கிறது. டாடா குழுமத்தின் தாய்க் கம்பெனி டாடா சன்ஸின் 66 சதவீதம் அறக்கட்டளைகளிடம். அமெரிக்க ஆடைக் கம்பெனி பேடகோனியாவின் நிறுவனர் 2022-இல் ஓட்டுரிமையுள்ள பங்குகளை ஒரு டிரஸ்டுக்கும், மீதி 98 சதவீதத்தைச் சுற்றுச்சூழலுக்கான அமைப்புக்கும் மாற்றிவிட்டார். உங்களிடம் அவ்வளவு பங்கு இருக்காது. முதல் முதலீட்டு ரவுண்டிலேயே, எவற்றை இயக்குநர் குழுவே ஒப்புக்கொண்டாலும் மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் போட்டு வாங்குங்கள். இரண்டாவது ரவுண்டில் கேட்டால் சிரிப்பார்கள்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: எல்லாம் விளம்பரம். ஒரு கம்பெனி நிஜமா செய்யுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சின்ன சப்ளையருக்கு எத்தனை நாளில் பணம் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். சட்டப்படி 45 நாளைத் தாண்டக் கூடாது. இப்போது தாமதித்து, வருஷம் முடிந்த பிறகு கொடுத்தால் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் அந்த வருஷம் கழிக்கவும் முடியாது. பளபள அறிக்கை போடும் சிலர் சப்ளையர் பில்லை நாலு மாசம் வைத்திருப்பதை லெட்ஜரில் பார்த்திருக்கிறேன்.

தேனி மாவட்டம், மகளிர் குழு: அண்ணே, நாங்க பன்னிரண்டு பேர் கம்பு, தினையில முறுக்கு போடுறோம். ஏழைங்களும் வாங்கணும்னு விலையைக் குறைச்சா மாசக் கடைசியில கையில ஒண்ணும் நிக்கல.

தங்கச்சி, உங்கள் தொழிலின் நோக்கமே நீங்கள் பன்னிரண்டு பேர்தான். 1946-இல் குஜராத்தின் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர்கள் சங்கம் சேர்ந்தது ஊருக்கு மலிவாகப் பால் ஊற்ற இல்லை. இடைத்தரகர் கொடுத்த விலை கட்டுப்படியாகாததால். அமுல் வளர்ந்தது அதிலிருந்துதான். இலவச நோயாளியை அரவிந்த் சமாளிப்பது, அதிகக் கட்டணம் கொடுக்கும் அறையும் அங்கே இருப்பதால். உங்களிடம் ஒரே பாக்கெட், ஒரே விலை. கடைக்கு ஒரு பெரிய பாக்கெட், நல்ல லாபத்தில் போடுங்கள். ஊருக்குள் பத்து ரூபாய்ச் சின்ன பாக்கெட் அசலுக்குப் போகட்டும்.

அதற்கு முன் போன மாசக் கணக்கை எழுதி அனுப்புங்கள். தானியம், எண்ணெய், கேஸ், பாக்கெட், பஸ், ஆள் கூலி தனித்தனியாக. கூலி என்ற இடம் காலியாக இருந்தால், உங்கள் ஊரில் அரசின் கிராம வேலைத் திட்டத்தில் என்ன கொடுக்கிறார்களோ அதையாவது போட்டு, பிறகு விலையைப் பாருங்கள்.