ஆப்பிரிக்காவின் பழைய இரும்பு உலைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவிலும் மலாவியிலும் சுரங்க வேலையாகச் சில வருடங்கள் இருந்தேன். விடுமுறை கிடைத்தால் பழைய இரும்பு உலைகளைத் தேடிப் போய்விடுவேன். அதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: வேலை விஷயமாக ஜோகன்னஸ்பர்க் போகிறேன் சார். ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது. ஏதாவது பார்க்க முடியுமா?

நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. மெல்வில் கொப்பீஸ் என்ற பாறைக் குன்றில் 1963-ல் தொல்லியலாளர் ரெவில் மேசன் ஓர் உலையை அகழ்ந்து வெளிக்கொண்டுவந்தார். நினைத்த நேரத்தில் அங்கே நுழைய முடியாது. வழிகாட்டியோடு குழுவாகப் போகும் நாட்கள் உண்டு, முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். தனியாகப் போக வேண்டாம். கோபுரம் மாதிரி எதையும் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

கேள்வி: குழந்தைகளோடு குரூகர் பூங்கா போகிறோம். அவர்களுக்கும் புரிகிற மாதிரி இடம் உண்டா?

ஃபலபோர்வா வாயில் வழியாக நுழையுங்கள். லெடாபா போகும் சாலையில் சிறிது தூரத்திலேயே மசோரினி வரும். இரும்பு உருக்கி, மண்வெட்டி அடித்து, வெளியூர்களுக்கு விற்றுப் பிழைத்த மக்களின் மலையடி ஊர் அது. குடிசைகளைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். குரூகரில் கண்ட இடத்தில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது, இங்கே இறங்கலாம். பிள்ளைகளுக்கு அதுவே பெரிய சந்தோஷம். பக்கத்தில் லோல்வே என்று ஒரு குன்று இருந்தது, பழங்காலத்தில் தாமிரம் வெட்டிய இடம். இன்று அந்தக் குன்றே இல்லை. நவீனச் சுரங்கம் அதைத் தின்று பெரும் பள்ளமாக்கிவிட்டது.

கேள்வி: போன வருடம் ஓர் இடத்துக்குப் போனேன். உடைந்த மண் சுவரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எதைத்தான் பார்ப்பது?

சுவரை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள். உருக்கி முடித்ததும் உள்ளே இருக்கும் இரும்பை எடுக்கப் பல இடங்களில் உலையையே உடைத்தார்கள். மீந்ததையும் மழை கரைத்துவிடும். ஆனால் சிட்டம் கரையாது. நம் ஊரில் சிட்டம், கிட்டம் என்கிறோமே, இரும்பைப் பிரிக்கும்போது மிஞ்சும் அதே கசடுதான். கறுப்பாக, கனமாக இருக்கும். மேல்புறம் கயிறு திரித்த மாதிரி வழிந்து உறைந்திருந்தால், சூடாக இருக்கும்போதே வெளியே வடியவிட்டிருக்கிறார்கள். பெரிய பாளமாக, கரித்துண்டின் அச்சு பதிந்து கிடந்தால், உலையின் அடிக்குழியிலேயே உறைந்தது. நைஜீரியாவின் லெஜ்ஜாவில் அப்படிப்பட்ட பாளங்கள் நூற்றுக்கணக்கில் ஊர்ப் பொதுத்திடலிலேயே கிடக்கின்றன.

அடுத்தது, உலைக்குள் காற்று போன ஊதுகுழாய்களின் துண்டுகள். சுட்ட களிமண்ணால் ஆனவை. ஒரு முனை உருகிக் கண்ணாடி போல் பளபளக்கும். அந்த முனைதான் நெருப்புக்குள் இருந்தது. இரண்டு மூன்று குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் அநேகமாக அது துருத்தி இல்லாத உலை.

கேள்வி: துருத்தி இல்லாமல் எப்படி அவ்வளவு சூடு வரும்?

புகைபோக்கி வேலை செய்கிற விதம்தான். உலையை உயரமாகக் கட்டினால் உள்ளே சூடான காற்று மேலே ஏறும், அடியில் உள்ள குழாய்கள் வழியே புதுக்காற்று தானே இழுபடும். தென்மேற்குத் தான்சானியாவில் ஃபிப்பா மக்கள் கட்டிய உலைக்கு இலுங்கு என்று பெயர். சுமார் 3 மீட்டர் உயரம். கறையான் புற்று மண்ணில் கட்டுவார்கள், அது வெப்பம் தாங்கும். உள்ளே 1200 டிகிரியை ஒட்டி வந்தால் போதும். இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும், ஆகவே இரும்பு உருகாது. கசடுதான் உருகி வடியும், இரும்பு பஞ்சு போன்ற கட்டியாக நிற்கும்.

துருத்தி ஊதும் ஆள் மிச்சம். ஆனால் வேலை நாள் கணக்கில் இழுக்கும், கரி ஏராளமாகத் தின்னும். வருகிற கட்டியிலும் கசடு அதிகம். அதனால் துருத்தி வைத்த சின்ன உலை ஒன்றில் இன்னொரு தடவை சுத்தப்படுத்துவார்கள். ஃபிப்பாவில் அதற்குக் கின்டெங்வே என்று பெயர்.

கேள்வி: இலங்கையின் சமனலவெவ உலைகளும் இதே வகைதானா அண்ணா?

இல்லை. அங்கே மலைச்சரிவில் அடிக்கும் பருவக்காற்றே வேலை செய்தது. ஃபிப்பா உலையோ வெளியே காற்று அடிக்காத நாளிலும் தானே காற்றை இழுக்கும்.

கேள்வி: சில உலைகளில் பெண்ணின் மார்பு செதுக்கியிருக்கிறதாமே?

ஆமாம், ஜிம்பாப்வேயில் சோனா மக்களின் பழைய உலைகளில் உண்டு. உலை பெண், பிறக்கிற இரும்பு குழந்தை. உருக்கும் நாட்களில் உலைக்காரர் மனைவியோடு சேரக் கூடாது, பெண்கள் அந்தப் பக்கம் வரக் கூடாது என்ற விலக்கு பல இனங்களில் இருந்தது. அதனால்தான் உருக்கும் இடம் பெரும்பாலும் ஊரை விட்டுத் தள்ளி இருக்கும். உலையின் தரையில் நடுவே சின்னக் குழி தெரிந்தால் கவனியுங்கள், மூலிகை மருந்து புதைத்த இடமாக இருக்கலாம். நியாங்கா பக்கம் ஸிவா என்ற இடத்தில் உலைகளும் சிறு அருங்காட்சியகமும் உண்டு.

கேள்வி: புர்கினா ஃபாஸோவில் முழு உலையே நிற்கிறதாமே, போகலாமா?

பார்க்க எனக்கும் ஆசைதான். 2019-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஐந்து இடங்களில் மொத்தம் 15 உலைகள் நிற்கின்றன. ஆனால் நாட்டு நிலைமை மோசம், இப்போது வேண்டாம். சூடானின் மெரோவேயில் சிட்டம் மலைமலையாகக் கிடக்கிறது. அங்கேயும் 2023 ஏப்ரலிலிருந்து போர். அதற்குப் பதில் மலாவியின் கசுங்கு தேசியப் பூங்காவில் இருக்கும் உலைக்குப் போங்கள். வனக்காவலர் இல்லாமல் நடக்காதீர்கள். 2022-ல் 250-க்கும் மேற்பட்ட யானைகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

கேள்வி: தான்சானியாவின் ஹாயா மக்கள் ஐரோப்பாவுக்கு முன்பே எஃகு செய்தார்கள் என்று படித்தேன். உண்மையா?

பாதி உண்மை. பீட்டர் ஷ்மிட், டொனால்ட் ஏவரி இருவரும் 1978-ல் அந்த உலைகளைப் பற்றி எழுதினார்கள். ஊதுகுழாய் நெருப்புக்குள் நீண்டிருப்பதால் காற்று முன்னதாகவே சூடாகி, உலையின் வெப்பம் கூடுகிறது என்பது அவர்கள் வாதம். பின்னால் வந்தவர்களில் சிலர் அதை ஒப்பவில்லை. கட்டியில் அங்கங்கே எஃகு உருவாகும், அதில் சந்தேகமில்லை. "உலகத்திலேயே முதலில்" என்பதெல்லாம் பத்திரிகைத் தலைப்பு.

கேள்வி: ஞாபகத்துக்கு ஒரு துண்டு சிட்டம் எடுத்து வரலாமா?

கூடாது தம்பி. தென்னாப்பிரிக்காவில் 1999-ம் ஆண்டு பாரம்பரியச் சின்னங்கள் சட்டப்படி அனுமதி இல்லாமல் எடுப்பது குற்றம். தவிர, எந்தத் துண்டு எங்கே கிடந்தது என்பதை வைத்துத்தான் உலை நின்ற இடத்தையே கண்டுபிடிக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அளவு தெரியும்.