பழைய அம்பாசிடர் டிஃபரன்ஷியலைத் திரும்பக் கோர்க்கும்போது கிரவுன்–பினியன் பிளே மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது. டிஃபரன்ஷியல் என்பது பின் சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி. அதில் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்துக்கும் அதைச் சுழற்றும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்துக்கும் நடுவே பற்களில் இருக்கும் ஆட்டம்தான் பிளே. அது கடைசியில் வந்து சேர வேண்டிய அளவு, அதிலிருந்தே வேலையை ஆரம்பித்தால் கோர்த்து முடித்த வண்டி வேகம் எடுத்ததும் ஊளையிடும். கிரவுனைக் கையால் ஆட்டிப் பார்த்து "லேசா ஆட்டம் இருக்கு, சரி" என்று மூடிவிடுகிற பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது, அதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 0.005 அங்குலத்துக்கும் 0.012 அங்குலத்துக்கும் உள்ள வித்தியாசம் எந்தக் கைக்கும் தெரியாது. நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் டயல் கேஜ் ஒன்று வாங்கிவிடுங்கள், அல்லது லேத் பட்டறையில் இரவல் கேளுங்கள்.

அம்பாசிடர் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3-இலிருந்து வந்த வண்டி என்பதால் பழைய பெட்ரோல் வண்டிகளின் பின் ஆக்சில் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களான எம்.ஜி.ஏ.வும் ஆரம்பகால எம்.ஜி.பி.யும் இதே குடும்பம்தான், அதனால் அந்தக் கார்களின் கையேடு கிடைத்தாலும் செய்முறை புரிந்துவிடும். கீழே நான் சொல்லும் அளவுகள் அந்தக் கையேடுகளின் வழி வந்தவை.

பிரிப்பதற்கு முன்பே அளவு எடுங்கள். இப்போது பிளே எவ்வளவு, பல்லும் பல்லும் உரசும் தடம் எங்கே விழுகிறது என்று எழுதி வைத்துக்கொண்டு, பக்கப் பேரிங்குகளைப் பிடித்திருக்கும் கேப் இரண்டிலும் இடது வலது தெரிய பஞ்ச் குத்திவிட்டு, எந்தப் பக்கம் எந்த ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யப் போடும் மெல்லிய தகடு) இருந்தது என்று கம்பியில் கோர்த்துத் தனித்தனியாக வையுங்கள். பழைய கிரவுனையே திரும்பப் போடுவதாக இருந்தால் இந்தக் குறிப்புதான் உங்கள் சொத்து. ஓடித் தேய்ந்த பற்கள் பழகிய இடத்திலேயே திரும்ப உட்கார விரும்பும், புத்தகத்து எண்ணுக்காக அவற்றை வேறு இடத்துக்குத் தள்ளினால் சத்தம் கூடத்தான் செய்யும்.

முதலில் டெயில் பினியன், அதாவது மேலே சொன்ன அதே பினியன். அதன் தலைக்கும் உள் பேரிங்குக்கும் நடுவே வரும் வாஷரின் தடிமன்தான் பினியன் எவ்வளவு உள்ளே நிற்கிறது என்பதை முடிவு செய்கிறது, இரண்டு பேரிங்குக்கும் நடுவே வரும் ஸ்லீவும் ஷிம்மும் பேரிங்கின் இறுக்கத்தை முடிவு செய்கின்றன. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். இறுக்கம் பார்க்கும்போது ஃபிளேஞ்ச் (பினியனில் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் மாட்டும் வட்டத் தகடு) நட்டை முழு டார்க்கில், அதாவது 140 பவுண்டு-அடி வரை ஏற்றியிருக்க வேண்டும், ஆயில் சீல் போட்டிருக்கக் கூடாது. ஃபிளேஞ்சில் நூலைச் சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுங்கள். சுற்றும் விசை 10 பவுண்டு-அங்குலத்தை ஒட்டி வர வேண்டும் என்றால், நூல் சுற்றிய இடத்தின் ஆரம் 2 அங்குலமாக இருக்கையில் தராசு சுமார் 5 பவுண்டு, அதாவது இரண்டேகால் கிலோ காட்டும். தளர்வாக இருந்தால் ஷிம்மைக் குறையுங்கள், இறுகினால் கூட்டுங்கள்.

அப்புறம் கிரவுன். போல்ட் போடுவதற்கு முன், கிரவுன் மாட்டும் டிஃபரன்ஷியல் கேஸின் முகத்தையும் கிரவுனின் பின்புறத்தையும் நன்றாகத் துடைத்து, பிசிறு இருந்தால் எண்ணெய்க் கல்லால் தேய்த்துவிடுங்கள். ஒரு சின்ன உலோகத் துகள் நடுவே மாட்டினாலும் கிரவுன் கோணலாக ஓடும். கோணல் 0.002 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இதைப் பார்க்காமல் விட்டால் பின்னால் பிளே ஒரு இடத்தில் சரியாகவும் எதிர்ப்பக்கத்தில் இறுக்கமாகவும் வரும், நீங்கள் ஷிம்மை மாற்றி மாற்றிச் சலித்துப்போவீர்கள்.

இப்போது பிளே. கிரவுனின் பின்புறத்தில் அந்த ஜோடிக்கு உரிய அளவு பொறிக்கப்பட்டிருக்கும், அதைத்தான் பின்பற்ற வேண்டும். எந்த நிலையிலும் 0.005 அங்குலத்துக்குக் (0.13 மி.மீ.) குறையவோ 0.012-க்கு (0.30 மி.மீ.) மேல் போகவோ கூடாது. பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு, டயலின் முனை பல்லின் வெளி ஓரத்தில் செங்குத்தாக உட்காரும்படி வைத்து, கிரவுனைச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள். ஒரு பக்கத்து ஷிம்மில் 0.002 எடுத்து மறுபக்கம் போட்டால் பிளேயும் ஏறத்தாழ 0.002 மாறும். எடுத்ததை மறுபக்கம் சேர்க்காமல் விட்டால் பக்கப் பேரிங்குகளின் இறுக்கம் போய்விடும், இதை மட்டும் மறக்காதீர்கள்.

எண் சரியாக வந்தபின்னும் மூடாதீர்கள். தீர்ப்புச் சொல்வது பல்லின் தடம்தான். கிரவுனின் ஆறேழு பற்களில் பிரஷ்யன் ப்ளூவை (தடம் பார்க்கும் நீலப் பசை) மெல்லியதாகத் தடவி, கிரவுனை மரக்கட்டையால் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு பினியனை இரண்டு பக்கமும் சுற்றுங்கள். தடம் பல்லின் உச்சியில் ஏறி விழுந்தால் பினியன் கிரவுனை விட்டுத் தள்ளி நிற்கிறது, தலை வாஷர் தடிமனாக வேண்டும். அடிப்பள்ளத்தில் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது. தடம் பல்லின் உள்முனைக்குப் போனால் கிரவுன் நெருங்கியிருக்கிறது, வெளிமுனைக்குப் போனால் விலகியிருக்கிறது. பினியனை உள்ளே தள்ளினால் பிளே தானாகக் குறையும், அதனால் ஒவ்வொரு முறையும் கிரவுனையும் கொஞ்சம் விலக்கித் திரும்ப அளக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் வேலையின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது, இதற்கு ஒரு நாள் போனாலும் பரவாயில்லை.

முன்னே பின்னே மாற்றும்போது வரும் "டொக்" சத்தத்துக்குப் பெரும்பாலும் கிரவுன் பிளேயைக் குறை சொல்கிறார்கள். பழைய வண்டியில் அதற்கு முன் ஸ்டார் பினியனுக்கு (கேஸுக்குள் இருக்கும் சின்னக் கியர்) பின்னால் வரும் வாஷர்கள், அதைத் தாங்கும் குறுக்குத் தண்டு, ஆக்சிலின் முனையில் உள்ள ஸ்ப்லைன் வரிப்பற்கள், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டில் உள்ள கிராஸ் எல்லாவற்றையும் பாருங்கள். வாஷர்கள் விலை குறைவு, திறந்த கையோடு மாற்றிவிடுங்கள். கிரவுனும் பினியனும் வாங்கும்போது இரண்டிலும் ஒரே ஜோடி எண் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். ஒன்றாக வைத்துத் தேய்த்துப் பழக்கிய ஜோடி அது, வேறு வேறு ஜோடியிலிருந்து எடுத்துச் சேர்த்தால் எந்த ஷிம்மாலும் சத்தத்தை அடக்க முடியாது.