ரயில் ஜன்னலில் அம்மா

கேள்வி: எங்கள் அம்மா காலமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அவர் தனியாக இருக்கும் படம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் உள்ளது. 1988-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், ஆரியங்காவு நிலையத்திலிருந்து செங்கோட்டை ரயில் நகரத் தொடங்கிய நேரத்தில், ஜன்னலோரம் அமர்ந்திருந்த அம்மாவைச் சித்தப்பா நடைமேடையில் நின்று எடுத்தது. ஜன்னல் கம்பிகள் ஓரளவு தெளிவாகத் தெரிகின்றன. அம்மாவின் முகம் கலங்கியிருக்கிறது. போதாக்குறைக்கு, இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவ மழையின் ஈரத்தில் படத்தின் ஒரு மூலை சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஸ்டூடியோவில் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். மகன் கைப்பேசிச் செயலி ஒன்றில் தெளிவாக்கிக் காட்டினான். அழகான முகம்தான், ஆனால் அது அம்மாவாகத் தோன்றவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, ஆரியங்காவு

பதில்: அன்புச் சகோதரிக்கு, அது அம்மாவாகத் தோன்றவில்லை என்று உங்கள் கண் சொன்னது சரியே. அதைப் பிறகு விளக்குகிறேன். கம்பிகள் தெரிகின்றன, முகம் தெரியவில்லை என்று நீங்கள் எழுதிய ஒரு வரியிலேயே நோய் என்னவென்பதும் அதற்கு மருந்து உண்டென்பதும் அடங்கியிருக்கின்றன என்பதால், முதலில் அதைப் பார்ப்போம்.

அந்தக் காலத்துப் பெட்டிகளில் ஜன்னல் கம்பிகள் குறுக்காகக் கிடக்கும். ரயில் பக்கவாட்டில் நகரும்போது குறுக்குக்கோடு தன்மேலேயே வழுக்கிச் செல்வதால் கலங்குவதில்லை. நிமிர்ந்து நிற்கும் கோடுகள்தாம் இழுபட்டுப் போகும். படத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அம்மாவின் புருவமும் உதட்டுக்கோடும் ஓரளவு தங்கியிருந்து, மூக்கின் விளிம்பும் கன்னத்தின் எல்லையும் ஜன்னலின் செங்குத்துச் சட்டமும் கரைந்திருந்தால், குறை ரயிலின் நகர்வினால் வந்ததே. மழைக்கால வெளிச்சத்தில் ஷட்டர் முப்பதில் ஒரு வினாடி திறந்திருந்தது என்று வைத்துக்கொண்டால், மனிதர் நடக்கும் வேகத்தில் புறப்பட்ட ரயில்கூட அதற்குள் ஏறக்குறைய மூன்றரைச் சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். ஒரு கண்ணின் அகலத்துக்குச் சற்றே கூடுதல் அது. புருவமும் மூக்கும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் மங்கியிருந்தால் அது ஃபோகஸ் தவறியதாகும். அதைச் சரிசெய்வது கடினம்.

ஒரு திசையில் மட்டும் இழுபட்ட படத்தைக் கணக்கின் மூலம் ஓரளவு பின்னோக்கி இழுக்க முடியும். 1990-ல் விண்ணுக்குச் சென்ற ஹப்பிள் தொலைநோக்கியின் கண்ணாடி, தலைமுடியின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்கு விளிம்பில் கூடுதலாகத் தேய்க்கப்பட்டிருந்ததால், விண்மீன்கள் கலங்கித் தெரிந்தன. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று பழுது நீக்கும்வரை, ஒரு புள்ளி ஒளி எவ்வாறு சிதறுகிறது என்பதை அறிந்து அதைத் திருப்பிக் கணக்கிடும் முறையைக் கொண்டே வானியலாளர்கள் படங்களைத் தேற்றினார்கள். உங்கள் படத்திலும் அப்படி ஒரு புள்ளி இருக்கக்கூடும். அம்மா மூக்குத்தி அணிந்திருந்தால், அதில் பட்ட வெளிச்சம் புள்ளியாக இல்லாமல் சிறு கோடாக நீண்டிருக்கும். அந்தக் கோட்டின் நீளமே முகம் முழுவதும் இழுபட்ட நீளம். அதன் சாய்வே திசை. ஃபோட்டோஷாப்பின் ஸ்மார்ட் ஷார்பன் வசதியில் மோஷன் பிளர் என்பதைத் தேர்ந்து, இந்தத் திசையையும் அளவையும் கொடுத்து, சிறிது சிறிதாக ஏற்றச் சொல்லுங்கள். விளிம்புகளைச் சுற்றிக் குளத்து அலைபோல் வளையங்கள் தோன்றத் தொடங்கினால் அந்த இடத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்.

ஆனால் இதையெல்லாம் தொடங்குமுன் சித்தப்பா வீட்டில் நெகட்டிவைத் தேடுங்கள். பழைய ஆல்பத்தின் பின்னட்டைப் பையிலும், இரும்பு பீரோவில் லேப் கொடுத்த காகித உறைகளிலும் அவை கிடப்பதுண்டு. பிரிண்ட் போட்ட இயந்திரத்தின் குறையும் உங்கள் படத்தில் சேர்ந்திருக்கலாம். நெகட்டிவில் அது இராது. கிடைத்தால் ஓரத்தை மட்டும் பிடித்துக் கொண்டுபோய், அங்குலத்துக்கு 2400 புள்ளிகளுக்குக் குறையாமல் ஸ்கேன் செய்து, படத்தின் தரம் குறையாத டிஃப் (TIFF) வகைக் கோப்பாக வாங்குங்கள்.

கிடைக்காவிட்டால் கையிலுள்ள பிரிண்ட்தான் மூலம். கண்ணாடியில் ஒட்டிய மூலையைத் தயவுசெய்து பிய்க்காதீர்கள், ஈரத்துணியும் வேண்டாம். படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின் என்னும் பசை. ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொண்ட அது, இழுத்தால் உருவத்தோடு உரிந்துவரும். சட்டத்தை மட்டும் கழற்றிவிட்டு, கண்ணாடியும் படமும் சேர்ந்தபடியே வைத்து, இரு பக்கங்களிலிருந்தும் சாய்வாக விளக்கு வைத்து, கண்ணாடியில் நிழலாடாதிருக்கக் கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டி, ஃப்ளாஷ் இல்லாமல் நகல் எடுக்கலாம். பொறுமையுள்ள ஸ்டூடியோக்காரர் தென்காசியிலோ புனலூரிலோ கிடைப்பார். இந்த நகலைத் தொடாமல் இரண்டு இடங்களில் சேமித்துவிட்டு, அதன் பிரதியில் மட்டுமே திருத்தங்களைச் செய்ய வேண்டும்.

இனி உங்கள் மகனின் செயலி. அது மூக்குத்திக் கோட்டை அளப்பதில்லை. தான் கற்ற ஆயிரக்கணக்கான பிற முகங்களிலிருந்து, இந்த மங்கலுக்குப் பொருந்தக்கூடிய ஒரு முகத்தைப் புதிதாக வரைகிறது. 2020-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய இத்தகைய ஒரு மென்பொருளிடம் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளையரின் முகத்தைத் தந்தது. மகன் அன்போடு செய்ததை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தைச் சட்டமிட்டு மாட்டினால், அம்மாவைப் பார்த்திராத பேரப்பிள்ளைகள் வேறொரு பெண்ணைப் பாட்டி என்று நினைத்து வளர்வார்கள். வேண்டாம் என்றே சொல்வேன்.

எல்லாம் செய்த பிறகும் கொஞ்சம் மங்கல் மிஞ்சும். பெரிதாக்காமல் அஞ்சலட்டையில் பாதி அளவுக்குப் பிரிண்ட் போட்டுப் பாருங்கள். சிறிய படத்தில் கலக்கமும் சிறிதாகிவிடுவதால் முகம் கூடிவரும். அந்த மீட்டர் கேஜ் ரயில் 2010-ல் நின்று, 2018-ல் அகலப்பாதை முழுமையாகத் திறந்துவிட்டது. அந்தப் பெட்டியின் கம்பிகளும் அம்மாவோடு இந்த ஒரு படத்தில் இருக்கின்றன என்பதால், முகத்தை மட்டும் வெட்டி எடுக்காமல் ஜன்னலோடு சேர்த்தே போடச் சொல்லுங்கள்.

கேள்வி: பெங்களூரு அத்தை, தாத்தாவின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பினார். பிரிண்ட் போட்டால் கட்டம் கட்டமாக மங்குகிறது. இதற்கும் அதே வைத்தியமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: இல்லை. அனுப்பும்போது செயலி படத்தைச் சுருக்கியதால் வந்த மங்கல் இது; அத்தையின் கைப்பேசியில் உள்ள கோப்பு நன்றாகவே இருக்கலாம். அதை ‘டாக்குமெண்ட்’ என்ற வழியில் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த விசேஷத்துக்கு அவர் ஊருக்கு வரும்போது மூலப் படத்தையே எடுத்துவரச் சொல்லி, 600 புள்ளி அளவில் ஸ்கேன் செய்துகொண்டால் இன்னும் நல்லது.