பிஜியின் 7 டாலர் நோட்டு: வியாபாரி எழுதிய 'நான்கு உலகக் கோப்பை' கணக்கு சரியா?

கேள்வி: என் மருமகன் ஆக்லாந்தில் வேலை பார்க்கிறார். ரக்பி என்றால் அவருக்கு உயிர், அதிலும் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் 'செவன்ஸ்' ரக்பியில் பிஜி அணி. அவர் பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு பழைய நாணய வியாபாரியிடம் பிஜி நாட்டு 7 டாலர் நோட்டு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். கண்ணாடிச் சட்டம் போட்டு, கீழே 'உலகக் கோப்பை 4, ஒலிம்பிக் தங்கம் 2, காமன்வெல்த் தங்கம் 1, ஹாங்காங் பட்டங்கள் தனி. 2016 உலகக் கோப்பை வெற்றிக்காக வெளியிட்ட மிக அரிய நோட்டு' என்று எழுதியிருக்கிறது. ரூ.6,500 சொல்கிறார். வாங்கலாமா? அந்தக் கணக்கு சரிதானா? இந்த ஆட்டம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. (ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு)

பதில்: அந்தச் சட்டத்தோடு வாங்காதீர்கள், ஐயா. நோட்டு அசலாகவே இருக்கலாம். ஆனால் கீழே எழுதியிருப்பதில் ஒலிம்பிக் கணக்கு மட்டும்தான் சரி. பிஜி அணியை நேசிக்கிற ஒருவர் அதைக் கையில் வாங்கினால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். மாமனார் கொடுத்தது என்பதால் வாய்திறக்க மாட்டார், அவ்வளவுதான்.

2016இல் ரக்பி உலகக் கோப்பை எதுவுமே நடக்கவில்லை. அந்த நோட்டு ரியோ ஒலிம்பிக் தங்கத்துக்காக வந்தது. 2016 ஆகஸ்ட் 11 அன்று இறுதி ஆட்டத்தில் பிஜி, பிரிட்டனை 43-7 என்று வென்றது. இடைவேளையிலேயே 29-0. எந்த விளையாட்டிலும் பிஜிக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான், அதுவும் தங்கம். அந்த ஆண்டு பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் வீசி 44 பேர் இறந்திருந்தார்கள். ஊர் ஊராக வீடுகள் கூரை இழந்து கிடந்தன. ஆறு மாதம் கழித்துப் பதக்கம் வாங்கும்போது வீரர்கள் ஒவ்வொருவராக முழந்தாளிட்டுக் கழுத்தை நீட்டினார்கள். பெரியவர்கள் முன் காட்டும் மரியாதை அவர்களுக்கு அது. நான் அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

மறு ஆண்டு, 2017இல், பிஜியின் ரிசர்வ் வங்கி இந்த நோட்டை வெளியிட்டது. ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு 7 பேர், அதனால் 7 டாலர். முன்பக்கம் அணித்தலைவர் ஓசியா கோலினிசாவ், பின்பக்கம் அணியும் பயிற்சியாளர் பென் ரயனும். இங்கேதான் 'மிக அரிய' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அது பெட்டியில் வைத்துப் பூட்டுவதற்காக அச்சடித்த நோட்டு அல்ல. கடையில் செல்லுபடியாகும் பணம். என் உறவினர் ஒருவர் பிஜியின் நாந்தி நகரில், சிவ சுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குப் பக்கத்தில் சில காலம் இருந்தார். காய்கறிக் கடையில் மீதிச் சில்லறையாக வந்தது என்று நான்காக மடித்த ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். மடிப்பில் கோலினிசாவின் முகத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது. இன்னும் என் மேசைக் கண்ணாடியின் கீழ்தான் இருக்கிறது. அதன் முகமதிப்பு நம் பணத்தில் முந்நூறு ரூபாய்க்குள். கசங்காத புது நோட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். ஆறாயிரத்து ஐந்நூறு என்பது கண்ணாடிக்கும் தங்க எழுத்துக்கும் போடும் விலை.

சரி, கணக்குக்கு வருவோம். செவன்ஸ் உலகக் கோப்பையை பிஜி வென்றது மூன்று முறை: 1997, 2005, 2022. முதல் இரண்டும் ஹாங்காங்கில். 1997 இறுதியில் தென்னாப்பிரிக்காவை 24-21 என்று வென்றார்கள். 2005இல் நியூசிலாந்தை 29-19. இரண்டிலும் வைசாலே செரவிதான் ஆட்டத்தைக் கையில் வைத்திருந்தார். இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய கலைஞர் அவர் என்பது என் கருத்து, மருமகனிடம் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது கேப்டவுனில், மறுபடியும் நியூசிலாந்தை 29-12. அதற்குப் பிறகு அந்தக் கோப்பை நடக்கவில்லை.

அப்படியானால் 'நான்கு' எங்கிருந்து வந்தது? உலகத் தொடரிலிருந்து. அது வேறு. ஆண்டு முழுக்கப் பல ஊர்களில் போட்டி நடத்தி, புள்ளிகளைக் கூட்டி, கடைசியில் யார் மேலே என்று பார்ப்பது. 1999-2000இல் தொடங்கியது. பிஜி அதை 2005-06, 2014-15, 2015-16, 2018-19 என்று நான்கு முறை வென்றது. இந்த நான்கைத்தான் யாரோ 'உலகக் கோப்பை' என்று எழுதியிருக்கிறார்கள். 2016 என்ற ஆண்டும் அந்தப் பட்டியலில் வருவதால் குழப்பம் முழுமையாகிவிட்டது. பதினைந்து பேர் ஆடும் ரக்பிக்கு இன்னொரு உலகக் கோப்பை இருக்கிறது. அதில் பிஜி இதுவரை காலிறுதியைத் தாண்டியதில்லை. அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வியாபாரியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. இந்த உலகத் தொடருக்கு நிர்வாகிகள் எத்தனை முறை பெயர் மாற்றினார்கள்! ஒரு காலத்தில் புள்ளிப் பட்டியலில் முதலிடம் வந்தால் சாம்பியன். 2023-24இல் அர்ஜென்டினா பட்டியலில் முதலிடம் வந்தது, ஆனால் கடைசிப் போட்டியை வென்ற பிரான்ஸுக்குப் பட்டம் போனது. ஒரு சாதாரண ரசிகர் எப்படிப் பின்தொடர்வார்? எந்தப் பட்டம் எதற்குச் சமம் என்று தெளிவாக ஒரு பக்கம் எழுதி வைக்க இத்தனை பெரிய அமைப்புக்கு ஏன் நேரமில்லை என்று எனக்குப் புரியவேயில்லை. அந்த இடைவெளியில்தான் சட்டம் போட்டு விற்பவர்கள் பிழைக்கிறார்கள்.

இப்போது காமன்வெல்த். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மருமகன் நியூசிலாந்தில் இருக்கிறார், இந்தத் தவறுதான் அவரை அதிகம் உறுத்தும். காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் பிஜி செவன்ஸில் தங்கம் வென்றதே இல்லை. ஒரு முறைகூட இல்லை. 1998இல் கோலாலம்பூரில் செவன்ஸ் முதன்முதலாகச் சேர்ந்தது. இறுதியில் நியூசிலாந்திடம் தோற்று வெள்ளி. 2002 மான்செஸ்டரில் மறுபடி நியூசிலாந்து, மறுபடி வெள்ளி. 2006 மெல்பர்னில் வெண்கலம். 2010இல் நம் டெல்லியில் நடந்தபோது அவர்கள் வரவே முடியவில்லை. 2006 இராணுவப் புரட்சிக்குப் பிறகு தேர்தல் நடத்தவில்லை என்று 2009இல் காமன்வெல்த் அமைப்பு பிஜியை இடைநீக்கம் செய்திருந்தது. இப்படி ஓர் அணியை டெல்லியில் பார்க்கக் கிடைக்காமல் போனது எனக்கு இன்றைக்கும் வருத்தம். 2014 கிளாஸ்கோவிலும் செவன்ஸ் களத்தில் பிஜி இல்லை. 2018 கோல்ட் கோஸ்டில் நியூசிலாந்திடம் 14-0, வெள்ளி. ஒலிம்பிக் தங்கம் கழுத்தில் இருந்த அணி இறுதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. 2022 பர்மிங்காமில் தென்னாப்பிரிக்காவிடம் 31-7, நான்காவது வெள்ளி. ஆக, நான்கு வெள்ளி, ஒரு வெண்கலம். 'காமன்வெல்த் தங்கம் 1' என்று எழுதிய சட்டத்தை நியூசிலாந்தில் ஒரு வரவேற்பறையில் மாட்டினால் வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் பேசுவார்கள்.

ஹாங்காங் பட்டங்கள் என்பது அந்த ஊரில் வழக்கமாக நடக்கும் செவன்ஸ் போட்டியின் பட்டங்கள். அவற்றை எண்ணும்போது ஒரு சின்னப் பொறி உண்டு. 1997இலும் 2005இலும் வழக்கமான ஹாங்காங் போட்டிக்குப் பதிலாகத்தான் உலகக் கோப்பை நடந்தது. சிலர் அந்த இரண்டையும் உலகக் கோப்பையிலும் எண்ணி, ஹாங்காங்கிலும் எண்ணி, ஒரே வெற்றியை இரண்டு முறை விற்கிறார்கள். 2015 முதல் 2019 வரை தொடர்ந்து ஐந்து முறை ஹாங்காங்கை வென்றார்கள் என்பது மட்டும் போதும், அதுவே பெரிய விஷயம்.

அப்புறம் வாங்குவது பற்றி. இந்தத் தொழிலில் நான் பார்த்த ஏமாற்றுகளில் பாதி கண்ணாடிக்குள்தான் நடக்கிறது. சட்டத்தைத் திறந்து நோட்டைக் கையில் கொடுங்கள் என்று கேளுங்கள். திறந்தால் மதிப்புப் போய்விடும் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். உள்ளே வண்ண நகலை வைத்து ஒட்டியிருந்த சட்டம் ஒன்றை நானே ஒரு கண்காட்சியில் காசு கொடுத்து வாங்கி, வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்து நொந்திருக்கிறேன். நோட்டை வெளிச்சத்தில் பிடித்து நீரெழுத்தைப் பாருங்கள், விரலால் தடவிப் பாருங்கள். வியாபாரியே அச்சடித்துக் கையெழுத்துப் போட்ட 'அசல் சான்றிதழ்' வெறும் காகிதம். வீரரின் கையொப்பம் இருக்கிறது என்று கூடுதல் விலை கேட்டால், போட்ட இடமும் நாளும் காட்டும் ஆதாரம் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். விற்பவரும் விலை சொல்பவரும் உண்மை என்று சான்று சொல்பவரும் ஒரே ஆளாக இருந்தால், உங்கள் பக்கம் பேச அங்கே ஆள் இல்லை என்று அர்த்தம்.

நோட்டை மட்டும் தனியாகக் கேளுங்கள். மறுத்தால், ஆக்லாந்திலிருந்து பிஜி மூன்று மணி நேர விமானப் பயணம்தான். மருமகனுக்குத் தெரிந்த பிஜிக்காரர் யாராவது ஒருவர் முகமதிப்புக்கே கொண்டுவந்து கொடுப்பார். சட்டத்தை ஈரோட்டிலேயே போட்டுக்கொள்ளுங்கள். கீழே உங்கள் கையெழுத்தில் இவ்வளவு எழுதினால் போதும்: 'ஒலிம்பிக் தங்கம் 2016 ரியோ, 2020 டோக்கியோ. வெள்ளி 2024 பாரிஸ். செவன்ஸ் உலகக் கோப்பை 1997, 2005, 2022.' டோக்கியோ போட்டி 2021இல்தான் நடந்தது, ஆனால் பெயர் 2020 என்றே நிற்கிறது, மாற்றாதீர்கள்.

மருமகனோடு பேச்சுக் கொடுக்க இன்னொன்று. ரியோவில் ஆறு, டோக்கியோவில் ஆறு, பாரிஸில் அரையிறுதி வரை ஐந்து என்று ஒலிம்பிக்கில் தொடர்ந்து 17 ஆட்டங்களை பிஜி தோற்கவில்லை. பதினெட்டாவதில், பாரிஸ் இறுதியில், பிரான்ஸிடம் 28-7 என்று தோற்றார்கள். அன்றைக்குப் பயிற்சியாளராக இருந்தவர், நீங்கள் வாங்கப்போகும் நோட்டின் முன்பக்கத்தில் இருக்கிற அதே ஓசியா கோலினிசாவ்.